ஓட்டோ கியர் ஸ்லிப் ஆகும் பிக்கப்: கையில் இருக்கும் காசுக்கு எந்த வேலையைச் செய்வது

வன்னியில் லொறி என்றால் பெரும்பாலும் கைக் கியர்தான். ஓட்டோ கியர்ப் பிரச்சினை வருவது டபுள் கெப் பிக்கப்புகளுக்கும் பழைய ரொயோட்டா சேர்ஃப், பிராடோக்களுக்கும். நெல் மூடையும் மீன்பெட்டியும் ஏற்றிக்கொண்டு சேற்று வயற்பாதையில் இறங்கி ஏறுகிற வாகனம் ஸ்லிப் ஆகத் (எஞ்சின் சுற்று ஏறியும் இழுவை சில்லுக்குப் போகாமல் வழுக்கத்) தொடங்கியதும் கராஜில் முதலில் கேட்கிற பேச்சு, "இறக்கிப் பார்ப்பம்." அதற்குத் தலையாட்டும் இடத்தில்தான் காசு கரையத் தொடங்குகிறது. பழுது வெளியில் ஒரு வயரில் இருந்தாலும், ஒருமுறை பிரித்த கியர் பொக்ஸைச் சீல் கிட் (புதுச் சீல்களின் பொதி) இல்லாமல் ஒழுங்காகப் பூட்ட முடியாது. கிளச் ஏன் எரிந்தது என்று தெரியாமல் புதுக் கிளச் போட்டால், பழையதை எரித்த காரணம் புதியதையும் எரிக்கும். அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி, பொக்ஸ் வாகனத்தில் இருக்கும்போதே செய்கிற சோதனைகள்.

பழுதான வாகனத்தைக் கயிறு கட்டி இழுத்து வர வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது உள்ளே பம்ப் சுற்றாது, ஒயிலும் ஓடாது. பின் சில்லுகள் சுற்றச் சுற்ற உள்ளே உலர்ந்த நிலையில் தேயும். லொறியில் ஏற்றுங்கள். வழியில்லை என்றால், 2எச் (இரண்டு சில்லு இழுவை) உள்ள வாகனத்தில் பின் புரொப்பெல்லர் சாஃப்டைக் கழற்றி, 2எச்சில் வைத்து இழுங்கள்.

பொக்ஸின் பெயர்

ரொயோட்டாவில் வாகன அடையாளத் தகட்டில் டிரான்ஸ்/அக்சில் என்ற வரியில் ஏ340எஃப், ஏ343எஃப் என்பது போல இருக்கும். கடைசி எழுத்து ஈ என்றால் இரண்டு சில்லு இழுவை, எஃப் என்றால் நான்கு சில்லு, எச் என்றால் ட்ரான்ஸ்ஃபரும் (முன் சில்லுக்கும் இழுவை கொடுக்கும் பெட்டி) ஒயில் அழுத்தத்தில் மாறுகிற வகை. ஒன்றின் பாகங்கள் மற்றதற்கு முழுதாகப் பொருந்தா. மிட்சுபிஷி எல்200இல் வி4ஏ51, நிசான் டி40 நவாராவில் ஆர்ஈ5ஆர்05ஏ அதிகம். பஞ்சிகாவத்தைக்கு (கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெரு) போன் எடுக்கும் முன் இந்தப் பெயரையும் எஞ்சின் இலக்கத்தையும் வருடத்தையும் எழுதி வையுங்கள். வவுனியாவில் இருந்தே கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல். பிழையான கிட் வந்தால் திருப்பி அனுப்பும் செலவும் காத்திருக்கும் நாளும் உங்கள் தலையில்.

ஒயிலும் பெயரைப் பொறுத்தது. பழைய ஏ340களுக்கு டெக்ஸ்ரன் 2 அல்லது 3; பின்வந்த ரொயோட்டாக்களுக்கு ரைப் ரி-4, அதற்கும் பின் டபிள்யூ.எஸ், மிட்சுபிஷிக்கு எஸ்.பி-3, நவாராவுக்கு மாட்டிக் ஜே அல்லது மாட்டிக் எஸ். டிப்ஸ்டிக்கிலோ கையேட்டிலோ இருப்பதையே போடுங்கள். "எல்லாத்துக்கும் ஒரே சிவப்பு ஒயில்தான்" என்ற பேச்சை நம்பிப் போட்டால் உராய்வுத் தன்மை மாறிவிடும். நல்ல கிளச்சும் நடுங்கும்.

டிப்ஸ்டிக்கும் பானும்

வாகனத்தை அரை மணித்தியாலம் ஓட்டி, ஒயில் 70 முதல் 80 பாகைக்கு வந்தபின், சமதரையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய்ப் பி-க்குத் திருப்பி, அதன்பின் டிப்ஸ்டிக்கை இழுங்கள். எஞ்சின் ஒயில் பார்ப்பதுபோல் நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். ஒயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். கூடினால் சுற்றும் கியர்கள் அதை அடித்து நுரைக்க வைக்கும். இரண்டிலும் அழுத்தம் விழும், ஸ்லிப் வரும். ஒயில் கசிந்து குறைந்த பொக்ஸை "கிளச் போய்ட்டுது" என்று பிரிப்பது அடிக்கடி நடக்கிற அநியாயம்.

ஒயில் சிவப்பாக, எரிந்த மணம் இல்லாமல் இருந்தால் பழுது மின்சாரப் பக்கமோ வால்வ் பொடியிலோ (ஒயிலைக் கிளச்சுகளுக்குத் திருப்பிவிடும் வால்வுத் தொகுதி) இருக்க வாய்ப்பு அதிகம். கறுத்து, எரிந்த மணம் அடித்தால் கிளச் எரிந்துவிட்டது. ஒயில் மாற்றி அது திரும்பாது. ஸ்ட்ரோபெரிப் பால் நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சினை உடனே நிறுத்துங்கள். தண்ணீர் இரண்டு வழியால் வரும். ஒன்று ரேடியேற்றருக்குள் இருக்கும் கியர் ஒயில் கூலர் வெடித்து. நவாராவின் ஆர்ஈ5ஆர்05ஏ இந்த நோய்க்குப் பேர்போனது. மற்றது நம் மாரிகாலம். ஓடிச் சூடான பொக்ஸ், வான் பாயும் குளத்துக் கோஸ்வேயின் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கும். மூச்சுக்குழாய் உடைந்தோ கழன்றோ தாழ்வில் கிடந்தால் அதன் வழியே தண்ணீரை உறிஞ்சும். ரேடியேற்றர்த் தண்ணீரானாலும் வெள்ளமானாலும் உராய்வுத் தாளைப் பிடித்திருக்கும் பசையைக் கரைத்துவிடும். தண்ணீர் கலந்தபின் ஓடிய பொக்ஸுக்கு ஒயில் மாற்றுவது மட்டும் போதாது.

பிறகு பானை, அதாவது பொக்ஸின் அடியில் ஒயில் நிற்கும் தட்டை, கழற்றுங்கள். பானின் அடியில் காந்தம் ஒட்டியிருக்கும். அதை வெள்ளைத் துணியில் துடைத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், விரலால் தேய்த்தால் வழுவழுப்பான பசை என்றால் அது சாதாரணத் தேய்மானம், பயப்பட ஒன்றுமில்லை. நகத்தில் குத்துகிற மினுக்கத் துணுக்குகள் இருந்தால் பெயாரிங்கோ பிளானெட்டரி கியரோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாமல் பானில் கிடக்கும் மஞ்சள் மினுக்கம் புஷ்சில் இருந்து வந்தது. கறுத்த தாள்போன்ற செதில்கள் கிளச் உராய்வுத் தாள். இந்தச் சிறு வேலைக்குத் துணி ஒன்றும் புதிய பான் கேஸ்கெற் ஒன்றும் வடிந்த ஒயிலுக்கு ஈடும்தான் செலவு. ரீகண்டிஷன் (முன்பு பாவித்த) பொக்ஸ் வாங்குவதா, கிட் (புதுச் சீல், கிளச் தட்டுகளின் பொதி) போடுவதா என்ற முடிவில் பாதி இங்கேயே கிடைத்துவிடும்.

எந்தக் கிளச் என்று ஓட்டியே கண்டுபிடித்தல்

முதலில் ஸ்கேனர். ஓ/டி (ஓவர்டிரைவ், அதாவது மேல் கியர்) விளக்கு கண்சிமிட்டினால் கணினி ஏதோ கோட் வைத்திருக்கிறது. பி0750, பி0755 என்றால் சோலனொயிட் (மின்சாரத்தால் ஒயிலைத் திறந்து மூடும் சிறு வால்வ்) பக்கம். பி0741 என்றால் டோர்க் கொன்வேர்ட்டரின் (எஞ்சின் இழுவையை ஒயில் வழியாகப் பொக்ஸுக்குக் கொடுக்கும் உருளை) லொக்-அப் பக்கம், அதாவது அதை நேரடியாகப் பூட்டும் கிளச். சோலனொயிட்டை மல்டிமீற்றரால் அளக்கலாம். ஏ340ஈயின் ஷிஃப்ட் சோலனொயிட்டுகள் குளிர்ந்த நிலையில் 11 முதல் 15 ஓம் காட்ட வேண்டும். வயரை எலி கடித்தாலும், கனெக்டருக்குள் சேற்றுத் தண்ணீர் போய்ப் பச்சை பூத்தாலும் இதே கோட்தான் வரும். எனவே சோலனொயிட் வாங்கும் முன் வயரைப் பாருங்கள். எஞ்சினே இழுவை குறைந்திருந்தால் கியர் பிழை போலத் தோன்றும். ரேர்போக் குழாய்க் கசிவையும் டீசல் பில்டரையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

ஏ340 குடும்பத்து 4 கியர் பொக்ஸ்களில் காசு செலவில்லாத ஒரு நல்ல சோதனை உண்டு. சோலனொயிட் கனெக்டரைக் கழற்றிவிட்டு, வாகனம் குறைந்த நேரான றோட்டில் லீவரால் ஓட்டிப் பாருங்கள். எல்-இல் முதலாம் கியர், 2-இல் மூன்றாம் கியர், டி-இல் ஓவர்டிரைவ், ஆர்-இல் ரிவேர்ஸ் கிடைக்க வேண்டும். இவை ஸ்லிப் இல்லாமல் பிடித்தால் கிளச்சுகள் உயிரோடு இருக்கின்றன; பழுது மின்சாரத்தில். பொக்ஸை இறக்க வேண்டாம். இப்படியும் ஸ்லிப் ஆனால் பழுது உள்ளே. முடிந்ததும் கனெக்டரைப் பூட்டி, சோதனையால் விழுந்த கோட்களை அழியுங்கள்.

உள்ளே என்றால் எங்கே? ஏ340இன் உள்ளே சி என்று தொடங்குபவை கிளச்சுகள், பி என்று தொடங்குபவை பிரேக்குகள். முன்னோக்கிய எல்லாக் கியரிலும் சி1 பிடிக்கும். முன்னே எல்லாம் ஸ்லிப், ரிவேர்ஸ் நல்லது என்றால் சி1. மூன்றாம் கியரிலும் ஓவர்டிரைவிலும் ரிவேர்ஸிலும் சி2 பிடிக்கும்; இந்த மூன்றும் சேர்ந்து வழுக்கினால் அதுதான். ரிவேர்ஸ் இல்லை, எல்-இல் இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கும் இல்லை என்றால் பி3. ஓவர்டிரைவில் மட்டும் வழுக்கினால் பி0. எல்லாவற்றிலும் வழுக்கினால் தனிக் கிளச்சைக் குறை சொல்லாமல் ஒயில் அழுத்தத்தைச் சந்தேகியுங்கள்: அடைத்த பில்டர், தேய்ந்த பம்ப், பழைய மொடல்களில் த்ரொட்டில் கேபிள். அந்தக் கேபிளில், அக்சிலரேட்டரை முழுதாக மிதித்த நிலையில், உள்கம்பியில் நசுக்கியிருக்கும் சிறு நிறுத்தி உறையின் வாயில் இருந்து 0 முதல் 1 மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டும். தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து கிளச் மெல்ல மெல்ல எரியும். கிட் போட்டு ஒரு வருடத்தில் திரும்பி வரும் பழைய சேர்ஃப்களில் இந்தக் கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நேரத்தையும் கவனியுங்கள். என்-இல் இருந்து டி-க்குப் போட்டு அடி உணரும்வரை ரொயோட்டாக் கணக்கில் 1.2 வினாடிக்குள், ஆர்-க்கு 1.5 வினாடிக்குள். காலையில் குளிரில் மட்டும் தாமதித்துப் பிறகு சரியானால் சீல் இறுகிக் கல்லாகிவிட்டது. குளிரில் நல்லது, சூடேறினால் வழுக்குது என்றால் சீலிங் ரிங்கோ பம்போ தேய்ந்து மெல்லிய ஒயிலைக் கசிய விடுகிறது. ஸ்டோல் சோதனையும் செய்யலாம்: கை பிரேக், கால் பிரேக் இரண்டும் இறுக்கி, சில்லுக்கு அடைகொடுத்து, டி-இல் முழு அக்சிலரேட்டர், 5 வினாடிக்கு மேல் வேண்டாம். எஞ்சின் சுற்று (ஆர்.பி.எம்.) கையேட்டு அளவை விடக் கூடினால் உள்ளே ஸ்லிப். 600க்கு மேல் குறைந்தால் டோர்க் கொன்வேர்ட்டரின் ஸ்டேட்டர் பழுது என்று சந்தேகிக்கலாம்.

முடிவெடுத்தல்

மின்சாரப் பழுது, ஒயில் நல்லது: வயர், சோலனொயிட், வால்வ் பொடி கழுவுதல். இதற்குப் பானைக் கழற்றினால் போதும்.

ஒயில் கறுப்பு, ஒன்றிரண்டு கிளச் ஸ்லிப், காந்தத்தில் மெல்லிய பசை மட்டும்: இது முழுக் கிட் போடும் பொக்ஸ். கியர்களும் டிரம்களும் நல்லதாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பொக்ஸின் வரலாறு உங்களுக்குத் தெரியும். வெளியில் வாங்குவதன் வரலாறு தெரியாது. இந்த நிலையில் கிட்தான் நல்ல காசு.

மினுக்கத் துணுக்கு, கியருக்குக் கியர் மாறும் சத்தம், உடைந்த பிளானெட்டரி: ரீகண்டிஷன் பொக்ஸ். உள்ளுறுப்பு ஒவ்வொன்றாக வாங்கினால் கூட்டுத்தொகை முழுப் பொக்ஸைத் தாண்டிவிடும். கிட், கொன்வேர்ட்டர், கூலி மூன்றையும் கூட்டியது உத்தரவாதம் உள்ள ரீகண்டிஷனின் விலையில் மூன்றில் இரண்டைத் தாண்டினாலும் ரீகண்டிஷன் பக்கம் சாய்வது நல்லது.

ஆர்ஈ5ஆர்05ஏயில் கணினி வால்வ் பொடியோடு பொக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் போன நவாராவுக்கு விலை கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ரீகண்டிஷன் வாங்கும்போது கடையிலேயே பானைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற இடத்தில் வாங்க வேண்டாம். கொன்வேர்ட்டரோடு எடுங்கள். கனெக்டரின் பின் எண்ணிக்கை, பெல் ஹவுசிங் துளைகள், ட்ரான்ஸ்ஃபர் பூட்டும் முகம் மூன்றையும் உங்கள் பொக்ஸின் போட்டோவோடு ஒப்பிடுங்கள். கூலர் துளைகள் மூடியிருக்கிறதா என்று பாருங்கள்; திறந்து கிடந்தால் மழையும் மண்ணும் உள்ளே. உத்தரவாதத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கைக் கியருக்கு மாற்றுவோமா என்ற கேள்வியும் எழும். பெடல், ஃப்ளைவீல், கிளச், குறுக்குச்சட்டம், புரொப்பெல்லர் சாஃப்ட் நீளம், கணினி, பதிவுப் புத்தகம் எல்லாவற்றையும் தொட வேண்டும். முறிந்த வாகனம் ஒன்றை முழுதாகப் பக்கத்தில் வைத்திருந்தால் ஒழிய அது மலிவு வழி அல்ல.

எங்கே சேமிக்கலாம், எங்கே கூடாது

ஸ்டீல் பிளேட்டுகளை நேர்த்தளத்தில் வைத்து வளைவு பாருங்கள். நீலப் புள்ளி இல்லாமல் தட்டையாக இருந்தால் திரும்பப் போடலாம். இறக்கும் வேலையையும் கழுவும் வேலையையும் உள்ளூரிலேயே செய்யலாம். ட்ரான்ஸ்ஃபரோடு சேர்ந்த பொக்ஸ் இரண்டு பேர் கையால் தாங்கும் பாரம் அல்ல. கியர்பொக்ஸ் ஜக் அல்லது செயின் புளொக் கட்டாயம்.

சேமிக்கக் கூடாதவை நான்கு: சீலும் சீலிங் ரிங்கும், பில்டர், டோர்க் கொன்வேர்ட்டர், கூலர். மலிவாகச் செய்த பொக்ஸ்கள் திரும்பி வருவது பெரும்பாலும் கடைசி இரண்டாலும்தான். எரிந்த கிளச்சின் தூள் கொன்வேர்ட்டருக்குள்ளும் போய்ப் படிந்திருக்கும். அதன் வாயால் ஒயில் ஊற்றிக் குலுக்கி அந்தத் தூளை எடுக்க முடியாது. வெட்டித் திறந்து, லொக்-அப் உராய்வை மாற்றி, மீண்டும் வெல்டிங் செய்து பலன்ஸ் பார்க்க வேண்டும். பலன்ஸ் பார்க்கும் வசதி இல்லாத லேத்தில் இதைச் செய்யக் கொடுக்காதீர்கள். ஆட்டத்தோடு சுற்றும் கொன்வேர்ட்டர் புதுப் பம்ப் புஷ்சையும் சீலையும் தின்றுவிடும். வேலை தெரிந்த இடத்துக்கு அனுப்புங்கள், அல்லது நல்லதொன்று வாங்குங்கள்.

ரேடியேற்றர் வழியாகத் தண்ணீர் கலந்ததென்றால் ரேடியேற்றரையே மாற்றுங்கள். பாரம் இழுக்கும் பிக்கப்புக்கு ஏசி கொன்டென்சருக்கு முன்னால் தனிக் கூலர் ஒன்று பூட்டுவது இந்த வெக்கைக்குச் செலவிடும் மிக நல்ல காசு. ஒயில் 80 பாகையைத் தாண்டியபின் ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. குழாய் கியர் ஒயிலுக்குரியதாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் ஊதி வெடிக்கும்.

பூட்டும்போது

சோளகம் அடிக்கிற நாளில் திறந்த கொட்டிலில் பிரிக்க வேண்டாம். மூடிய அறை, தண்ணீர் தெளித்த நிலம், கழுவிய மேசை. நூல் விடும் துணியால் துடைக்காதீர்கள். ஒரு நூல் ஒரு வால்வை நிறுத்தப் போதும். வால்வ் பொடியைப் பிரிக்கும் ஒவ்வொரு படியையும் போனில் படமெடுங்கள். உள்ளே சிறு குண்டுகள் இருக்கும். ஒன்று இடம் மாறினாலும் கியர் அடித்து விழும். போல்ட்டுகள் வெவ்வேறு நீளம். மட்டையொன்றில் அதே வடிவம் வரைந்து குத்தி வையுங்கள்.

புது உராய்வுத் தட்டுகளை அதே ஒயிலில் குறைந்தது 15 நிமிடம், நேரமிருந்தால் 2 மணித்தியாலம் ஊற விடுங்கள். வோஷரையும் ரிங்கையும் பிடித்து வைக்க வாஸ்லின் மட்டும். பெயாரிங் கிரீஸ் ஒயிலில் கரையாது, பில்டரில் போய் ஒட்டும். ஒவ்வொரு கிளச் பொதியையும் பூட்டியதும் இடைவெளி அளந்து எழுதுங்கள். கையேட்டு அளவுதான் முடிவு. அது கையில் இல்லாத நிலையில் உராய்வுத் தட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 0.25 மில்லிமீற்றர் என்ற கணக்கு வழிகாட்டும். வால்வ் பொடி பூட்டும் முன், ஒயில் துளைகளில் 40 முதல் 60 பி.எஸ்.ஐ. காற்றுக் கொடுங்கள். ஒவ்வொரு கிளச்சும் "டொக்" என்று பிடித்து, காற்றை விட்டதும் விட வேண்டும். "ஸ்ஸ்" என்று கசிந்தால் சீல் மடிந்திருக்கிறது. அதை இப்போதே திறப்பது சில மணி நேர வேலை; வாகனத்தில் ஏற்றியபின் என்றால் எல்லாம் முதலில் இருந்து.

ரொயோட்டா ஏ340இல் வால்வ் பொடி போல்ட் 10 நியூட்டன் மீற்றர், பான் போல்ட் 7 அளவில். கை பலத்தில் இறுக்கினால் அலுமினியத்தில் மரை கழன்றுவிடும்.

கொன்வேர்ட்டரைப் பம்பில் உட்காரவைப்பதுதான் அதிகம் பேர் கெடுக்கும் இடம். சுற்றிச் சுற்றித் தள்ள, அது படிப்படியாக உள்ளே விழும். முழுதாக உட்கார்ந்ததா என்பதை ஹவுசிங் விளிம்பில் நேர்ச்சட்டம் வைத்து அளந்து கையேட்டோடு பாருங்கள். பொக்ஸை எஞ்சினோடு சேர்த்தபின் கொன்வேர்ட்டர் கையால் சுற்ற வேண்டும், ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் (கொன்வேர்ட்டரை எஞ்சினோடு பூட்டும் தகடு) அதற்கும் சில மில்லிமீற்றர் வெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் போல்ட்டால் இழுத்து மூடினால் முதல் ஸ்டார்ட்டில் பம்ப் உடையும். ஃப்ளெக்ஸ் பிளேட்டின் ஆட்டம் 0.20 மில்லிமீற்றருக்குள் இருக்கட்டும்.

முதல் ஸ்டார்ட்டும் அதன்பின்னும்

முழுக் கொள்ளளவு மொடலைப் பொறுத்து 8 முதல் 10 லீற்றர் வரை. கழுவலுக்கும் சேர்த்து 12 லீற்றர் வாங்குங்கள். கூலரில் இருந்து திரும்பும் குழாயை வாளிக்குள் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலில் 20 முதல் 30 வினாடிக்குள் 1 லீற்றர் வர வேண்டும். மெல்ல வந்தால் கூலர் அடைப்பு. அந்தக் கூலரோடு வாகனத்தை வெளியே விடாதீர்கள். வந்த அளவை ஊற்றி, மறுபடி ஓட்டி, தெளிவாக வரும்வரை செய்யுங்கள்.

முதல் 500 கிலோமீற்றர் பாரம் வேண்டாம். கணினியில் பழைய கற்றலை ஸ்கேனரால் அழித்துவிடுங்கள். தேய்ந்த கிளச்சுக்குப் பழகிய அழுத்தம் புதியதில் அடித்து விழும். சேற்றில் புதைந்தால் டி, ஆர் என்று மாற்றி மாற்றி ஆட்டாதீர்கள், 4எல் (நான்கு சில்லு, மெதுக் கியர்) போட்டு மெல்ல இழுங்கள். அதிலும் வராவிட்டால் மூடைகளை இறக்குங்கள்.

1,000 கிலோமீற்றரில் பானை மீண்டும் கழற்றி அதே காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சும் கொஞ்சம் கறுந்தூளும் புதுத் தட்டுகள் பதிந்ததன் அடையாளம். பில்டரையும் ஒயிலையும் மாற்றி மூடலாம். மினுக்கம் இருந்தால் உத்தரவாதப் பில்லோடு அன்றே கராஜுக்குப் போங்கள். பெரும்போக அறுவடைப் பாரம் ஏற்றியபின் போனால் யார் தவறு என்று யாராலும் சொல்ல முடியாது.